கையெழுத்தும் தீர்ப்பும்: நீதிபதி ஹிதாயத்துல்லாவின் 35 நாட்கள்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் குடியரசுத் தலைவர் இறந்தால் என்ன செய்வது என்று யோசித்திருந்தார்கள். பிரிவு 65-இன்படி துணைக் குடியரசுத் தலைவர் அந்த இடத்துக்கு வருவார். பிரிவு 62-இன்படி ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். துணைத் தலைவரும் இல்லாமல் போனால் யார் என்பதை மட்டும் அவர்கள் எழுதவில்லை. பிரிவு 70-இல் ஒரு வரி வைத்து, எதிர்பாராத சூழ்நிலைகளுக்கு நாடாளுமன்றமே வழி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த 19 ஆண்டுகள் நாடாளுமன்றமும் அதைத் தொடவில்லை.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். அப்போதுதான் தில்லிக்கு அந்த ஓட்டை கண்ணில் பட்டது. அந்த மே மாதமே ஒரு சிறிய சட்டம் நிறைவேறியது: குடியரசுத் தலைவர் பணிகள் நிறைவேற்றல் சட்டம், 1969. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் ஆகிய இரண்டு பதவிகளும் காலியானால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அந்தப் பணிகளைப் பார்க்க வேண்டும். அவரும் இல்லையென்றால் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் மூத்த நீதிபதி பார்க்க வேண்டும். சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். ஏன் மக்களவைத் தலைவர் இல்லை என்று யாராவது கேட்டால், அவர் ஒரு கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வந்தவர், நீதிபதி அப்படி வந்தவரில்லை என்பதுதான் இயல்பான பதில்.

சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்கு வேலை வந்துவிட்டது. கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்தார். இவர் 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர், தொழிற்சங்கத்தில் ஊறியவர். ஜூலை 19, சனிக்கிழமை, 14 பெரிய வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பதவி விலகினார். துணைத் தலைவர் தன் விலகல் கடிதத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும் என்கிறது பிரிவு 67. குடியரசுத் தலைவரின் இடத்தில் இருந்தவரும் அவரேதான். சட்டக் கல்லூரி விவாத வகுப்புகளுக்கு இன்றும் தீனி போடும் முடிச்சு இது.

அந்த ஜூலை 20 அன்று, முகம்மது ஹிதாயத்துல்லா உச்ச நீதிமன்றத்திலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனார். ஆகஸ்ட் 24 வரை அங்கே இருந்தார். உலகம் முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமை நிலவில் மனிதன் இறங்குவதைப் பற்றித்தான் பேசியது. இந்தியாவுக்குப் புதிய நாட்டுத் தலைவர் வந்தது இரண்டாம் செய்திதான்.

யார் இவர்? 1905 டிசம்பர் 17 அன்று பிறந்தவர். தந்தை விலாயத்துல்லா உருதுக் கவிஞர். ராய்ப்பூரில் பள்ளி, நாக்பூர் மோரிஸ் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, லண்டன் லிங்கன்ஸ் இன். 1930-இல் நாக்பூரில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1943-இல் மத்திய மாகாணம்-பேராரின் அட்வகேட் ஜெனரல். அப்போது வயது 37. 1946-இல் நாக்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி, 1954-இல் அதன் தலைமை நீதிபதி. 1956 மாநில மறுசீரமைப்பில் நாக்பூர் பம்பாய் மாநிலத்துக்குப் போய்விட, ஜபல்பூரை இருப்பிடமாகக் கொண்ட மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியாகச் சென்றார். 1958 டிசம்பர் 1 முதல் உச்ச நீதிமன்றம். 1968 பிப்ரவரி 25 முதல் இந்தியாவின் தலைமை நீதிபதி. அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம். முல்லா எழுதிய முகமதியச் சட்ட நூலின் பிற்காலப் பதிப்புகளைத் திருத்தித் தந்தவரும் இவர்தான்.

இந்த வரிசையைப் பார்த்தால் ஏணியில் ஒரு படியும் தவறாமல் ஏறிய அதிகாரியைப் போலத் தோன்றும். அவர் யார் என்று தெரிய தீர்ப்புகளுக்குள் போக வேண்டும். அதில் ஒன்றை நம் ஊர் வழக்கறிஞர்கள் பெயர் தெரியாமலே தினமும் பயன்படுத்துகிறார்கள்.

1965-இல் சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவை பாட்னாவில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் தடுப்புக் காவலில் வைத்தார்கள். விதி கேட்டது 'பொது ஒழுங்கு'க்குக் கேடு. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் ஆணையில் இருந்தது 'சட்டம் ஒழுங்கு'. அரசுத் தரப்பில் இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். ஹிதாயத்துல்லா எழுதிய தீர்ப்பு, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களை வரைந்து காட்டியது. வெளியே பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் உள்ளே மிகச் சிறிய வட்டமாக அரசின் பாதுகாப்பு. ஒரு செயல் வெளி வட்டத்தைத் தொட்டுவிட்டதாலேயே உள் வட்டத்தையும் தொட்டதாக ஆகாது. குடித்துவிட்டு இருவர் அடித்துக்கொண்டால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அதற்கு வழக்கமான குற்றவியல் சட்டம் போதும். விசாரணை இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்கும் அதிகாரத்தை அதற்காக எடுக்கக் கூடாது. லோகியா வெளியே வந்தார்.

இது எப்படி இன்றுவரை உயிரோடு இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டத்தை, அதாவது நாம் 'குண்டாஸ்' என்று சொல்லும் சட்டத்தைப் பார்த்தால் போதும். அதிகபட்சம் 12 மாதம் வரை ஒருவரை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம். ஆனால் அவர் செயல் பொது ஒழுங்கைப் பாதித்திருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ வரும் ஆட்கொணர்வு மனுக்களில் வழக்கறிஞர்கள் பிடிக்கும் புள்ளிகள் பழக்கமானவை: கைதி அரசுக்கு அனுப்பிய மனுவைப் பரிசீலிக்க அரசு எடுத்துக்கொண்ட தாமதம், கைதிக்குப் புரியும் மொழியில் ஆவணம் தராதது, ஏற்கெனவே சிறையில் இருப்பவர் ஜாமீனில் வரக்கூடும் என்பதற்கு ஆதாரம் காட்டாதது. இவற்றோடு நான்காவதாக வருவது, 'இது வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' என்ற வாதம். அதன் வேர் லோகியா வழக்கு. 1969 இறுதியில், குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து திரும்பிய சில மாதங்களில், அருண் கோஷ் வழக்கில் அதையே இன்னும் கூர்மையாக்கினார் ஹிதாயத்துல்லா. செயல் எவ்வளவு மோசமானது என்பது அளவுகோலாகாது. அது அந்தப் பகுதி மக்களின் அன்றாட வாழ்க்கையின் ஓட்டத்தை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே கத்திக்குத்து ஓரிடத்தில் ஒரு குற்றம். வேறோர் இடத்தில் ஊரே கதவடைக்கும் கலவரம். காவல் துறை தயாரிக்கும் அறிக்கைகளில் 'பொதுமக்கள் அலறியடித்து ஓடினர், கடைகள் அடைக்கப்பட்டன' என்ற வரி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று இப்போது புரியும்.

1967-இன் கோலக்நாத் வழக்கு இன்னொரு முகம். 11 நீதிபதிகள், 6-க்கு 5 என்ற பெரும்பான்மை. அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்றது தீர்ப்பு. தலைமை நீதிபதி சுப்பா ராவோடு நால்வர் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். ஆறாவது வாக்கு ஹிதாயத்துல்லாவின் தனித் தீர்ப்பு. அது இல்லாவிட்டால் முடிவே மாறியிருக்கும். ஆனால் அதே தீர்ப்பில், சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் வைத்ததே தவறு என்றும் எழுதினார். நிலச்சீர்திருத்தத்தை எதிர்த்து வந்தவர்கள் ஜெயித்த வழக்கில், அவர்களுக்கு ஆறாவது வாக்கைத் தந்தவரே அவர்கள் பிடித்து நின்ற உரிமையின் தகுதியைக் கேள்வி கேட்டார். 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது.

எல்லாத் தீர்ப்பும் இப்படி முன்னோக்கியவை என்று சொல்ல மாட்டேன். டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை விற்ற பம்பாய் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்த ரஞ்சித் உதேஷி வழக்கும் அவர் எழுதியதுதான். விக்டோரியா காலத்து ஆங்கிலேய அளவுகோலை வைத்து அளந்த தீர்ப்பு அது. கேரள முதல்வராக இருந்தபோது நீதித்துறை வர்க்கச் சார்போடு இயங்குகிறது என்று பேசிய இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் மீதான அவமதிப்பு வழக்கில், 1970-இல் தண்டனையை உறுதி செய்தார். 1,000 ரூபாய் அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தார். கூடவே, மார்க்ஸையும் எங்கெல்ஸையும் இ.எம்.எஸ். சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று விளக்கம் வேறு. ஒரு கம்யூனிஸ்ட் தலைவருக்கு மார்க்ஸியம் சொல்லிக்கொடுக்கும் துணிச்சலை ரசிக்கலாம். அதற்கு அவமதிப்புச் சட்டம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சரி, அந்த 35 நாட்களுக்கு வருவோம்.

குடியரசுத் தலைவரின் வேலை பெரும்பாலும் கோப்பில் கையெழுத்திடுவது. 1969-இல், அமைச்சரவையின் ஆலோசனை குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தும் என்று பிரிவு 74 வெளிப்படையாகச் சொல்லவில்லை. அது 1976-இன் 42-ஆவது திருத்தத்தில்தான் எழுத்தில் வந்தது. ஆனால் 1955-இலேயே ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடம்தான் என்று சொல்லியிருந்தது. பல ஆண்டுகளாக நீதிபதி நாற்காலியில் இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். நீதிபதி தன் முடிவுக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும். காரணம் இல்லாத தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்காது. குடியரசுத் தலைவர் கையெழுத்துக்கு மேலே காரணம் எழுதும் வழக்கமே இல்லை. முடிவு வேறொருவருடையது, பெயர் மட்டும் அவருடையது.

நடைமுறையில் வேறு சில சிக்கல்களும் இருந்தன. குடியரசுத் தலைவராகப் பணியாற்றும் யாரும் பிரிவு 60-இன்படி தலைமை நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும். பதவி ஏற்பவரே தலைமை நீதிபதியாக இருந்தால் மூத்த நீதிபதி செய்து வைக்க வேண்டும். தலைமை நீதிபதி தன் பணியைப் பார்க்க முடியாதபோது வேறொரு நீதிபதியை அந்தப் பணிக்கு நியமிப்பவர் குடியரசுத் தலைவர் என்கிறது பிரிவு 126. அதாவது, ஹிதாயத்துல்லாவின் காலி நாற்காலியில் உட்காருபவரை நியமிக்கும் அதிகாரம் ஹிதாயத்துல்லாவிடமே இருந்தது. சட்டப்படி எல்லாம் சரிதான்; காகிதத்தில் படித்தால் சிரிப்பு வரும்.

ஜூலை 31 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தில்லி வந்தார். நாட்டுத் தலைவர் என்ற முறையில் வரவேற்றவர் தலைமை நீதிபதி. இதெல்லாம் ஆல்பத்துக்கு. வரலாற்றில் நின்றது ஆகஸ்ட் 9. கிரி கையெழுத்திட்ட அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய வங்கி தேசியமயமாக்கல் மசோதா அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பிரிவு 111 மூன்று வழிகளைத் தருகிறது: ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், பண மசோதாவாக இல்லாவிட்டால் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சில வாரங்களுக்காக வந்து உட்கார்ந்த, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் அரசின் முதன்மைக் கொள்கையைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதுதான் அரசியலமைப்பு நெருக்கடியாகியிருக்கும். அவர் கையெழுத்திட்டார். அதைச் சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த மசோதாவுக்குள் நஷ்டஈடு பற்றிய ஓட்டை இருந்தது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் அந்த மேஜை இல்லை.

ஆகஸ்ட் 16 அன்று தேர்தல், 20 அன்று எண்ணிக்கை. முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் சேர்த்த பிறகே கிரி 4,20,077 வாக்குகளோடு, ரெட்டியின் 4,05,427-ஐத் தாண்டினார். ஆகஸ்ட் 24 அன்று கிரி மாளிகைக்குள் வந்தார். ஹிதாயத்துல்லா நீதிமன்றத்துக்குத் திரும்பினார்.

உண்மையான சோதனை இங்கேதான் தொடங்கியது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் போகும் வழியைச் சொன்னது. திரும்பி வரும் வழியைச் சொல்லவில்லை. தான் ஒப்புதல் தந்த சட்டம் தன் நீதிமன்றத்துக்கே வந்தால் தலைமை நீதிபதி என்ன செய்ய வேண்டும்? வந்தே விட்டது. வங்கிப் பங்குதாரர் ஆர்.சி. கூப்பர் தொடுத்த வழக்கை 11 நீதிபதிகள் கேட்டார்கள். அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அடுத்த மூத்தவர் ஜே.சி. ஷா. அந்த 11 பேரில் ஹிதாயத்துல்லா இல்லை. 1970 பிப்ரவரி 10 அன்று, ஏ.என். ராய் ஒருவர் மட்டும் மாறுபட, 10-க்கு 1 என்று சட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். நான்கு நாளில் அரசு புதிய அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அது வேறு கதை. தலைமை நீதிபதி கையெழுத்திட்ட சட்டத்தை அவருடைய சகாக்கள் ரத்து செய்தார்கள். அதை அவமானமாக அப்போது யாரும் பார்க்கவில்லை. கையெழுத்து அவருடைய சட்டக் கருத்து ஆகாது என்பதை எல்லோரும் புரிந்திருந்தார்கள்.

கிரியின் தேர்தலை எதிர்த்த வழக்கும் வந்தது. பிரிவு 71-இன்படி அதை விசாரிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான். பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்னார். ஐந்து நீதிபதிகள் கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். அமர்வின் தலைவர் எஸ்.எம். சிக்ரி. அதிலும் ஹிதாயத்துல்லா இல்லை. எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்று பட்டியல் போடுவது தலைமை நீதிபதியின் அதிகாரம். அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் பெயரை ஒருவர் எங்கே போடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒதுங்கத் தேவையில்லாத இடத்தில் அவர் ஒதுங்கவில்லை. 1970 செப்டம்பர் 5 அன்று முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் மாநிலங்களவையில் தோற்றது; ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு முழு வாக்குகூடக் குறையவில்லை, பின்னக் கணக்கில் போனது. மறுநாளே மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்து ஆணை வந்தது. கையெழுத்து: வி.வி. கிரி. அந்த ஆணையை எதிர்த்த மாதவராவ் சிந்தியா வழக்கில் ஹிதாயத்துல்லா அமர்ந்தார். டிசம்பர் 15 அன்று ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அவர் தனித் தீர்ப்பு எழுதியிருந்தார். மறுநாள் டிசம்பர் 16, அவர் பதவியில் இருந்த கடைசி நாள். குடியரசுத் தலைவரின் கையெழுத்து எப்படி விழுகிறது என்று அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தவர், அதே மேஜையிலிருந்து வந்த ஆணையை நீதிபதியாக ரத்து செய்துவிட்டு ஓய்வு பெற்றார். மன்னர் மானியம் நியாயமா என்பது வேறு கேள்வி. அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், 1971-இல் 26-ஆவது திருத்தம் அதைத்தான் செய்தது.

கோலக்நாத் வழக்கின்போது தலைமை நீதிபதியாக இருந்த சுப்பா ராவின் பாதை நேர் எதிரானது. சென்னையில் வழக்கறிஞர் தொழிலில் வளர்ந்த அவர், கோலக்நாத் தீர்ப்பு வந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 1967 ஏப்ரலில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். ஜாகிர் உசேனுக்கு 4,71,244, இவருக்கு 3,63,971. தோற்றதில் குறையில்லை. ஆனால் கோலக்நாத்தைத் தாக்க நினைத்தவர்களுக்கு அந்த வேட்புமனு இலவசமாகக் கிடைத்த ஆயுதம். ஓய்வுக்குப் பின் நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று 1958-இலேயே சீதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையத்தின் 14-ஆவது அறிக்கை பரிந்துரைத்திருந்தது. அரசியலமைப்பு தடுப்பது வழக்காடுவதை மட்டும்தான். பிரிவு 124-இன் ஏழாம் உட்பிரிவு அதைத் தாண்டிப் போகவில்லை.

மாநில அளவிலும் இதே நாற்காலிதான், ஆளுநர் என்று பெயர். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநர். 2001 மே 14 அன்று, தேர்தலில் நிற்கவே தகுதியிழந்திருந்த ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். அவர் பணியாற்றிய அதே உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 21 அன்று அந்த நியமனம் செல்லாது என்றது. அதற்குள் அவர் விலகிப் போய்விட்டிருந்தார். பெரும்பான்மை பெற்ற கட்சியின் தேர்வை ஆளுநர் ஏற்பதா, தகுதியைத் தானே பார்ப்பதா என்ற கேள்வியில், முன்னாள் நீதிபதியிடம் இரண்டாவதை எதிர்பார்த்தவர்கள் அதிகம். ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று செப்டம்பரில் கேரள ஆளுநரானபோது பேச்சு வேறு: இடைவெளி ஐந்து மாதத்துக்கும் குறைவு.

ஹிதாயத்துல்லாவுக்கு அந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள். 1979-இல் ஜனதா கட்சி உடைந்து, சரண் சிங் பிரதமராக இருந்தபோது, துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979 ஆகஸ்ட் 31 முதல் 1984 ஆகஸ்ட் 30 வரை மாநிலங்களவைத் தலைவர். அந்த நாற்காலியில் விவாதிக்க முடியாது. வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்கு. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் அந்த அவை வழியாகத்தான் வந்தது. லோகியா தீர்ப்பின் மூன்று வட்டங்களை வரைந்தவர் அவைத் தலைவராக இருந்த காலத்தில், 'பொது ஒழுங்கு' என்ற அதே காரணத்தோடு இன்னொரு தடுப்புக் காவல் சட்டம் உருவானது. அவர் சொல்ல வேண்டியதை 1965-இலேயே சொல்லியிருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போனவர்கள் அதையே எடுத்துக்கொண்டு போனார்கள்.

1982 அக்டோபரில் ஜெயில் சிங் இதய அறுவை சிகிச்சைக்கு அமெரிக்கா போனார். அக்டோபர் 6 முதல் 31 வரை குடியரசுத் தலைவரின் பணிகளை மறுபடியும் ஹிதாயத்துல்லா பார்த்தார். இந்த முறை துணைத் தலைவர் என்ற முறையில், பிரிவு 65-இன் வழியாக. தலைமை நீதிபதி, துணைக் குடியரசுத் தலைவர், குடியரசுத் தலைவரின் பணி என்று மூன்றையும் பார்த்த ஒரே இந்தியர் அவர். 1992 செப்டம்பர் 18 அன்று பம்பாயில் காலமானார்.

வங்கதேசத்தில் இதே சிக்கல் வந்தபோது அவர்கள் வேறு மாதிரி தீர்த்தார்கள். 1990 டிசம்பரில் குடியரசுத் தலைவர் எர்ஷாத் விலக வேண்டிய நிலையில், தலைமை நீதிபதி ஷஹாபுதீன் அகமதைத் துணைக் குடியரசுத் தலைவராக நியமித்து, அவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். தேர்தலை நடத்தி முடித்ததும் தலைமை நீதிபதியாகவே திரும்ப வேண்டும் என்பது ஷஹாபுதீனின் நிபந்தனை. அதற்காக 1991-இல் 11-ஆவது அரசியலமைப்புத் திருத்தமே கொண்டுவந்தார்கள், அவரும் திரும்பினார். 1996-இல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மறுபடி குடியரசுத் தலைவரானார். திரும்பும் வழியை எழுத்தில் வைத்தது அவர்கள் செய்த கூடுதல் வேலை.

நம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தை அதற்குப் பின் யாருக்காகவும் பயன்படுத்த வேண்டி வரவில்லை. திரும்பி வரும் தலைமை நீதிபதி, தான் கையெழுத்திட்ட சட்டத்தின் வழக்கில் உட்காரலாமா, அந்த வழக்குக்கு அமர்வைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை தேவைப்பட்டால், கூப்பர் வழக்கின் அமர்வுப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.